பக்கத்து நிலத்தின் தெற்கெல்லை

மாமா அந்தப் பத்திரக் கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தபோது நான் அடுப்படியில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். மாமா என்று நான் சொல்வது என் மாமனாரை. பழைய வேட்டிக் கிழிசலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கட்டு அது. பூச்சி அண்டாமல் இருக்க நடுவில் ஒரு வசம்புத் துண்டு செருகியிருந்தது. சுளகுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சற்று நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இத வாசிக்க முடியுமா தாயி?" என்றார். என் மகள் போன பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் உளுந்தை ஒதுக்கிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கட்டை அவிழ்த்தேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் செய்துகொண்டிருந்தேன். குளி என்றால் குளித்தேன், சாப்பிடு என்றால் சாப்பிட்டேன்.

எண்பதுகளின் கடைசி அது. நாங்கள் இராஜபாளையத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் ஷிப்டு வேலை. மாமா பருத்தி ஜின்னிங் ஃபாக்டரியில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். அத்தை, மாமா, நாங்கள் இருவர், மகள் என்று இருந்த வீட்டில் மகள் இல்லாமல் போனாள். காய்ச்சல் என்று படுத்தவளை இங்கே பார்த்துவிட்டு, மதுரைக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார்கள். கிருஷ்ணன்கோவில் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நான் காரை நிறுத்தச் சொன்னேன். பிறகு திருப்பச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயசுகூட அவளுக்கு வந்திருக்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

நான் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அதில் பெரிய மனக்குறை. "அழுதிரு தாயி, உள்ள வச்சுக்கிட்டா ஒடம்புக்கு ஆகாது" என்று தோளைப் பிடித்து உலுக்குவார்கள். வாசலைத் தாண்டியதும், "பெத்தவ மாதிரியா இருக்கா? கல்லு மாதிரில்ல உக்காந்திருக்கா" என்பார்கள். அதுவும் எனக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டே அவர்கள் குடித்துவிட்டு வைத்த டம்ளர்களைக் கழுவுவேன். கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அதுபோல நானும் என்னைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவளுடைய கவுனை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் கிறுக்கிய சுவரின் முன்னால் போய் நின்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கவுனை மடித்துத் திரும்ப வைத்துவிட்டு, அரிசி களையப் போனேன்.

மாமா வேறு மாதிரி ஆகிவிட்டார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். நான் கூடத்துக்கு வந்தால் அவர் வாசலுக்குப் போய்விடுவார். வீட்டில் யாராவது மகள் பெயரைச் சொன்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வரவே இல்லை. அவள் இருந்தவரைக்கும் நாள் முழுக்க அவர் வாயில் வேறு பெயரே கிடையாது.

அத்தை, வத்திராயிருப்புப் பக்கம் ஒருவரிடம் குறி கேட்கப் போய்விட்டு வந்தார். "ஒங்க குலசாமி தலைமுறை தலைமுறையாப் பட்டினி கெடக்கு. அந்தக் கோவத்துலதான் புள்ளையத் தூக்கிருச்சு. இனியும் தேடிப் போகலேன்னா அடுத்துப் பெறக்குறதையும் விடாது" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அத்தை ஒரு சொல் விடாமல் அப்படியே வந்து சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். மாமா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் குடும்பத்துக்குக் குலசாமி எது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் விஷயம். வெளியே சொன்னால் வெட்கக்கேடு. எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் முதல் முடியைக் குலசாமி கோயிலில்தான் இறக்க வேண்டும். மாமாவின் அப்பா நிலத்தை விற்றுவிட்டு மில் வேலை தேடி இராஜபாளையம் வந்தவர். "தை பெறக்கட்டும், சாமி இருக்க எடத்துக்கு ஒன்னையக் கூட்டிட்டுப் போறேன்" என்று சின்னப் பையனாக இருந்த மாமாவிடம் சொன்னாராம். தை பிறப்பதற்குள் போய்விட்டார். பங்காளிகளைக் கேட்டால் ஒருவர் சாத்தூர்ப் பக்கம் என்பார், ஒருவர் தென்காசிப் பக்கம் என்பார். மாமாவும் தேடவில்லை. என் மகளுக்கு முடி இறக்க வேண்டிய நேரம் வந்தபோது, "மாரியாத்தா கோயில்ல எறக்குவோம், எல்லாம் ஒரே தாய்தான்" என்று சொன்னவரும் அவர்தான். அப்போது யாரும் மறுத்துப் பேசவில்லை. குறி கேட்டு வந்த அன்றிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. "நாந்தான சொன்னேன், ஒரே தாய்தான்னு நாந்தான சொன்னேன்" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருப்பார். தன்னுடைய மெத்தனம்தான் பேத்தியைக் கொன்றுவிட்டது என்று அவர் முடிவே கட்டிவிட்டார். அந்தச் சாமியைக் கண்டுபிடித்து அதன் காலில் விழாமல் அவரால் என் முகத்தைப் பார்க்க முடியாது. அதற்காகத்தான் பத்திரக் கட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பத்திரம் எழுதுகிறவர் ஆபீஸில் வேலை பார்த்தவள். சொத்து வாங்க வருகிறவர்கள் பழைய பத்திரங்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவற்றை வாசித்து, யாரிடமிருந்து யாருக்கு வந்த சொத்து என்று வரிசை கட்டிச் சொல்ல வேண்டும். பழைய கையெழுத்தை முதல் வரியிலிருந்து தொடங்கினால் மண்டை காய்ந்துவிடும். புள்ளி இருக்காது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இருக்காது. ஒருவர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போவதுபோல விளிம்பிலிருந்து விளிம்புவரை ஓடும். அதனால் எல்லாப் பத்திரங்களிலும் மாறாமல் வருகிற வாசகங்களை முதலில் தேடுவோம். 'மனப்பூர்வமாய்ச் சம்மதித்து', 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள' என்று எங்கேயாவது வந்தே தீரும். என்ன எழுதியிருக்கும் என்பது முன்கூட்டியே தெரிவதால், அந்தக் கை 'ம'வை எப்படிச் சுழிக்கிறது, 'ண'வை எப்படி மடக்குகிறது என்று அங்கே பிடித்துக்கொள்ளலாம். பிடித்துக்கொண்டு, பிறகு தெரியாத வரிக்குப் போக வேண்டும். நான் வாசிக்க வாசிக்க எங்கள் எழுத்தர் குறிப்பு எடுப்பார். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக வாசிக்க வேண்டும். கொலை வழக்கில் போன சொத்தானாலும் சரி, கல்யாணச் சீதனமானாலும் சரி, குரல் ஒன்றுதான். அந்தக் குரல் எனக்கு நன்றாகப் படிந்திருந்தது.

மத்தியானங்களில் மாமாவும் நானும் கூடத்தில் எதிரெதிரே உட்காருவோம். நான் வாசிப்பேன், அவர் கேட்பார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பொழுது போயிற்று, அவ்வளவுதான். ஓர் எழுத்து என்ன எழுத்து என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நம்மிடம் வேறு எதையும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அத்தைக்கு முதலில் அது பிடிக்கவில்லை. "மாமனாரும் மருமகளும் தாசில்தார் ஆபீஸ் நடத்துறீகளா?" என்பார். பிறகு அவரே வந்து, முறத்தில் எதையாவது வைத்துக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்.

கட்டில் பாதிக்கு மேல் வீட்டுத் தீர்வை ரசீதுகள்தான். ஒன்றுக்கும் ஆகாதவை. உருப்படியாக இருந்தது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். மாமாவின் தாத்தாவும் அவருடைய அண்ணன் தம்பிமாரும் மம்சாபுரத்துப் புஞ்சையைப் பங்கிட்டுக்கொண்டது. தலைப்பில் அவர்களுடைய அப்பாவான மூத்தவர் பெயரும் அவருடைய அப்பா பெயரும் இருந்தன. மாமா அதுவரை கேட்டிராத பெயர்கள். இரண்டு தடவை சொல்லச் சொல்லி மனசில் வாங்கிக்கொண்டார். கீழே வந்தபோது இப்படி ஒரு வரி: 'நம்முடைய குலதெய்வத்துக்கு வருஷாவருஷம் செய்ய வேண்டிய செலவை எல்லாரும் சமமாய் ஏற்றுக்கொள்ள வேண்டியது.' மாமா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "சாமி பேரச் சொல்லு தாயி." பெயர் இல்லை. இடமும் இல்லை. நம்முடைய குலதெய்வம், அவ்வளவுதான். மாமா தாளை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுதுனவனுக்குக் கூறு வேண்டாமா? பேரப் போட்டா கையா தேஞ்சிரும்?" என்று, செத்துப்போய் எத்தனையோ காலமான அந்தக் கணக்குப்பிள்ளையைத் திட்டினார்.

எழுதியவர்மேல் தப்பில்லை. தெரிந்ததை யாரும் எழுதுவதில்லை. வீட்டுச் சாமி எது என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதை ஏன் எழுத வேண்டும்? ஆபீஸில் இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். தன் நிலத்துக்குள் இருக்கிற கிணற்றைப் பற்றித் தன் பத்திரத்தில் ஒன்றும் இருக்காது. பக்கத்து நிலத்துக்காரர் பத்திரத்தில், 'இன்னார் கிணற்றுக்குக் கிழக்கு' என்று தெளிவாக இருக்கும். ஒரு நிலத்துக்கு நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று சொன்னால்தானே அது எந்த நிலம் என்று தெரியும்? அதனால் பத்திரங்களில் அடுத்தவர் சங்கதிதான் அதிகம். நான் மாமாவிடம் சொன்னேன்: "நம்ம பத்திரத்துல இருக்காது மாமா. வடக்க யாரு நெலம்னு போட்டிருக்கு பாருங்க, அவுக பத்திரத்துல பாக்கணும். அவுகளுக்கு நம்ம நெலம் தெக்கெல்லை. தெக்க என்ன இருந்துச்சுன்னு அவுக எழுதியிருப்பாக." அன்றைக்கு அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். உடனே பார்வையை மாற்றிக்கொண்டார்.

வடக்கு நிலத்துக்காரரின் வம்சத்தை விசாரித்துக்கொண்டு மம்சாபுரம் போனோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி டவுன் பஸ். நிலம் இன்னும் அவர்கள் கையில்தான் இருந்தது. பருத்தி போட்டிருந்தார்கள். வீட்டுக்காரருக்கு மாமாவைவிடக் கொஞ்சம் வயசு குறைவு. தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னவர், பத்திரம் என்ற பேச்சை எடுத்ததும் முகம் மாறினார். "நீங்க வித்துட்டுப் போனவுக. இப்ப எதுக்கு எங்க பத்திரத்தக் கேக்கீக? எல்லைத் தகராறு எதுவும் கெளப்பப் போறீகளோ?" அவர் கேட்டதும் நியாயம்தான். தன் பத்திரத்தை யாராவது அசலாருக்குக் காட்டுவார்களா? நானாக இருந்தால் தண்ணீரோடு அனுப்பியிருப்பேன். மாமா எழுந்து நின்றார். கைகளைக் கும்பிடுவதுபோலச் சேர்த்துக்கொண்டு, "எனக்கு ஒரு குழி நெலம் வேண்டாம்யா. எம் பேத்தி போயிட்டா. அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றார். அதை அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. யாரோ ஒருவரிடம், அடுத்தவர் வீட்டுக் கூடத்தில். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டைவிட்டு வெளியே எதுவும் போகக் கூடாது, அவர் கண்ணெதிரே வாசிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

நான் புதிய பத்திரத்திலிருந்து பழையதை நோக்கிப் போனேன். ஆபீஸ் வழக்கம் அது. அவருடைய அப்பா காலத்துப் பத்திரத்தில் தெற்கே வெறும் வரப்பு. அதற்கு முந்தியதில், 'வெள்ளையம்மாள் கோயில் கல்லுக்கு வடக்கு' என்று இருந்தது. வாசித்தவுடன் மாமா, "திரும்ப வாசி" என்றார். வாசித்தேன். அதற்கும் முந்தியதில் கல் என்ற சொல் இல்லை, 'வெள்ளையம்மாள் கோயிலுக்கு வடக்கு' என்றே இருந்தது. மாமா என் கையிலிருந்த தாளின் அந்த இடத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வெள்ளையம்மா! எந்தாயி! கெடச்சிட்டியா!" என்றார். வீட்டுக்காரருக்கே முகம் மலர்ந்துவிட்டது. "அட, எங்க வரப்புல கெடக்குற கல்லா? அதுல உக்காந்துதான நாங்க கஞ்சி குடிக்கோம்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பெட்டியில் அதற்கு மேல் இல்லை. பரணில் ஏதாவது கிடக்கலாம், தேடி வைக்கிறேன் என்றார். மாமாவுக்கு இனி எதுவும் வேண்டியதில்லை. பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை கிடா வாங்குவது பற்றியே பேசிக்கொண்டு வந்தார். கறுப்புக் கிடா, ஒரு வெள்ளை மயிர்கூட இருக்கக் கூடாது. ரொம்ப நாள் பட்டினி கிடந்த சாமி, நல்ல எடுப்பான கிடாவாகக் கொடுக்க வேண்டும். கோபத்தை அடக்குகிற மாதிரிக் கொடுக்க வேண்டும். எனக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்றுகூடச் சொல்வேன். அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்து வந்த ஒரு செவ்வாய்க்கிழமை பொங்கல் வைக்கப் போனோம். அத்தையும் என் வீட்டுக்காரரும் பானையும் விறகும் எடுத்துக்கொண்டு நேரே புஞ்சைக்குப் போய்விட்டார்கள். மாமாவும் நானும் கிடாவைப் பிடித்துக்கொண்டு, முறைக்கு அந்த வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நின்றோம். "பரண்ல ஒண்ணு கெடந்துச்சு. ரொம்ப நைஞ்சு போச்சு. அதையும் செத்த பாத்துரு தாயி" என்று ஒரு தாளைக் கொண்டுவந்தார். மூலப்பத்திரம்வரை பார்க்காமல் எழுந்தால் எங்கள் ஆபீஸில் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. சரி என்று உட்கார்ந்தேன். மாமா வாசலில் கிடாவோடு நின்றுகொண்டு அவசரப்பட்டார்.

அது வேறு ஒரு கை. எழுத்துகளை வலது பக்கம் சாய்த்து எழுதுகிற கை. பிடிபடக் கொஞ்சம் நேரமாயிற்று. எல்லை விவரம் வந்ததும் வழக்கமான குரலில் சத்தமாக வாசித்தேன். கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே ஓடை, வடக்கே யாரோ ஒருவர் நிலம். பிறகு, இன்னார் குமாரத்தி குழந்தை வெள்ளையம்மாளை அடக்கம் செய்திருக்கிற இடத்துக்கு வடக்கு. வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். மரம் மட்டைகள் உள்பட என்று ஏதோ வாசித்துக்கொண்டிருந்தேன்.

"நில்லு" என்றார் மாமா. "என்ன வாசிச்ச?"

திரும்ப வாசித்தேன். இந்தத் தடவை எனக்கும் கேட்டது. அந்த இன்னார் வேறு யாருமில்லை, எங்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் தலைப்பில் மூத்தவருக்கு அப்பா என்று இருந்தாரே, அவர்தான். மாமா மனசில் வாங்கிவைத்திருந்த பெயர்.

"மாமா, இது சாமி இல்ல" என்றேன். "பிள்ளை."

"எம்புட்டு வயசுன்னு போட்டிருக்கா?"

"வயசு இல்ல. குழந்தைன்னு இருக்கு."

அவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். கிடாவின் கயிறு கையில் இருந்தது. ஒரு மனிதனுக்கு மகள் செத்துப்போகிறாள். சொந்தப் புஞ்சையில் புதைத்துக் கல் நடுகிறான். விளக்கு வைக்கிறான். அவனுடைய மகன்கள் கோயில் என்கிறார்கள். பேரன்கள் செலவைப் பங்கு போடுகிறார்கள். அப்புறம் ஒருவன் நிலத்தை விற்கிறான். அப்புறம் ஒருவர் வத்திராயிருப்புப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அது கோபமாக இருக்கிறது, பிள்ளையைத் தூக்கிவிட்டது என்கிறார். எல்லாரும் நம்பியிருக்கிறோம். நடுவில் யாருக்கும் அது ஒரு சின்னப் பிள்ளை என்பது ஞாபகமில்லை. மாமா என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு சின்னப் புள்ள இன்னொரு புள்ளைய எதுக்குத் தாயி தூக்கப் போகுது?" அவருக்குக் கிடைத்திருந்த காரணம் போய்விட்டது. எனக்கு எப்போதுமே இல்லாதது இப்போது அவருக்கும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குத்தான் ஒரே இடத்தில் இருந்தோம்.

அவர் எழுந்து கயிற்றை அந்த வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். "வளத்துக்கோங்க."

"என்னய்யா இது, நேந்துக்கிட்ட கிடாய! சாமி கோவிச்சுக்கிராதா?"

"சின்னப் புள்ளைக்கு எதுக்குய்யா கிடா? ரத்தத்தப் பாத்தா பயந்துரும்" என்றார் மாமா. பிறகு நேரே முக்குக் கடைக்குப் போய், பொரிகடலையும் தேன்மிட்டாயும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கினார். தேன்மிட்டாய் மெத்தென்று இருக்கிறதா என்று ஒன்றை அமுக்கிப் பார்த்து வாங்கினார். என் மகளுக்கு வாங்கும்போதும் அப்படித்தான் பார்ப்பார்.

இப்போது அங்கே போனால் தகரக் கொட்டகை, டைல்ஸ் தரை, ஒலிபெருக்கி, பெரிய ஃபிளக்ஸ் போர்டு எல்லாம் இருக்கிறது. கண்ணை உருட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, கையில் சூலத்தோடு ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். குலசாமி கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டு எங்கெங்கோ இருந்த பங்காளிகள் எல்லாம் வேனில் வருகிறார்கள். வரிசையாகக் கிடா வெட்டுகிறார்கள். மாமா இருந்தவரை விடவில்லை. தொண்ணூறுகளில் அவர் போன பிறகு யார் சொல்லைக் கேட்பார்கள்? நான் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் பேசப்படாது மதினி, துடியான சாமி" என்று வாயைப் பொத்தினார்கள். போகட்டும். நான் இலையில் காய்கறியை மட்டும் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

அன்றைக்கு அங்கே வெறும் வரப்பும் ஒரு கல்லும்தான். முழங்கால் உயரம்கூட இருக்காது. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பின்னால் பருத்திச் செடிகள், தூரத்தில் மேற்கு மலை. அத்தை பொங்கல் பானைக்கு முன்னால் நின்றுகொண்டு, "கிடா எங்க? ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கோம், என்ன கூத்து இது?" என்று சத்தம் போட்டார். மாமா கல்லைச் சுற்றி இருந்த புல்லைக் கையாலேயே பிடுங்கினார். தன் தோள் துண்டால் கல்லைத் துடைத்தார். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க வரவில்லை, என்னிடம் நீட்டினார். நான் பிரித்துக் கொடுத்தேன். கல்லுக்கு முன்னால் எல்லாவற்றையும் பரப்பிவிட்டு அவர் கும்பிடவில்லை. காலைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளிடம் பேசும்போது உட்காருவதுபோலக் குந்தி உட்கார்ந்தார்.

"வெள்ளையம்மா, நாங்க ஒங்க வீட்டாளுக. வழி தெரியாம இம்புட்டு நாளு வராம இருந்துட்டோம். நம்ம வீட்டுப் பிள்ளை ஒண்ணு இப்ப அங்க வந்திருக்கு." என் மகள் பெயரைச் சொன்னார். எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே, கடைசி எழுத்தை இழுத்துச் சொன்னார். "ரெண்டு பேருல யாரு மூத்தவன்னு எனக்குத் தெரியல. அவ இருட்டுன்னா பயப்படுவா. ஒன்னையத் தவிர அங்க அவளுக்கு ஆளு கெடையாது. செத்த நேரங்கூடத் தனியா விட்றாத தாயி. கையப் பிடிச்சுக்கோ."

அத்தை கரண்டியைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அடுப்பு அணையாமல் விறகைத் தள்ளிவிட்டேன். பொங்கலை இறக்கினேன், எல்லாருக்கும் இலை போட்டேன், பாத்திரத்தை ஓடையில் கழுவினேன். பொழுது சாய டவுன் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தோம்.

எங்கள் அறையில் பச்சை நிறத்தில் ஒரு ஜீரோ வாட் பல்பு உண்டு. அவளுக்காகப் போட்டது. அது எரியாவிட்டால் தூங்க மாட்டாள். அவள் போன பிறகும் நான் ஒருநாள்கூட அதைப் போடாமல் படுத்ததில்லை. ஏன் என்று என் வீட்டுக்காரரும் கேட்டதில்லை. எனக்கு மட்டும்தான் அந்தக் கவலை என்று நினைத்திருந்தேன், இருட்டுக்குள் அவள் என்ன செய்கிறாளோ என்று. மாமாவும் அதையே நினைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் என் முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறார். அன்று பல்பைப் போடாமல் படுத்தேன். சற்று நேரத்தில் எனக்கு அழுகை வந்தது. கூடத்தில் மாமா விழித்துத்தான் இருந்தார். அவருக்குக் கேட்கும் என்று தெரியும். நான் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.